இரும்பு எஞ்சினின் ஆயுள்: புல்லட் வரலாற்றில் விடுபட்ட கைகள்

1

எந்திரங்களைப் பற்றி நம்மிடம் எழுதப்படுபவை பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ்கள்தாம். யார் கண்டுபிடித்தார், எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலை, எத்தனை குதிரைத்திறன் என்பதோடு கதை முடிந்துவிடும். பிறந்த பிள்ளை பிறகு யார் வீட்டில் வளர்ந்தது, காய்ச்சல் வந்தபோது யார் பார்த்தார்கள், எத்தனை தடவை செத்துப் பிழைத்தது என்கிற சங்கதியெல்லாம் அதில் வராது. ஓர் எந்திரம் தொழிற்சாலைக்குள் இருப்பது சில நாட்கள். மீதி நாற்பது, ஐம்பது வருஷம் அது தெருவிலும் ஆற்றங்கரைச் சாலையிலும் பட்டறையின் எண்ணெய்த் தரையிலும்தான் வாழ்கிறது. தொழில்நுட்ப வரலாறு என்று நமக்குச் சொல்லித்தரப்படுவது முதல் சில நாட்களின் வரலாறு மட்டுமே. ஆங்கில வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியான தமது நூலில் இதைத்தான் கேள்விக்குள்ளாக்கினார். புதுமைகளின் பட்டியலாக அல்லாமல், பயன்பாட்டையும் பராமரிப்பையும் மையப்படுத்தித் தொழில்நுட்ப வரலாறு எழுதப்பட வேண்டும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை நம் வட்டாரத்து மண்ணில் வைத்துப் பார்த்தால் சாதியும் கூலியும் நிலமும் தானாக உள்ளே வந்துவிடுகின்றன.

இக்கட்டுரை ஒரே ஓர் எஞ்சினைப் பற்றியது. புல்லட் மோட்டார் சைக்கிளின் 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின். 1949இல் இங்கிலாந்தில் உற்பத்திக்கு வந்து, அங்கே மாண்டு, சென்னை திருவொற்றியூரில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகள்வரை செய்யப்பட்டுவந்த எஞ்சின். 'சாகாத எஞ்சின்' என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. நான் இருப்பது திருக்கடையூரில். சாகாமை இங்கே ஐதீகம், கூடவே தொழில். மார்க்கண்டேயனுக்காக ஈசன் யமனை இடது காலால் உதைத்தார் என்பது தலபுராணம். அதை நம்பி அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் தினமும் தம்பதிகள் வந்து இறங்குகிறார்கள். இந்த ஊர்க்காரன் என்ற உரிமையில் ஒன்று கேட்கலாம்: சாகாத ஒன்றைச் சாகாமல் பார்த்துக்கொண்டது யார்? கோயிலில் இதற்குப் பதில் கல்லிலும் செம்பிலும் இருக்கிறது. எஞ்சின் விஷயத்தில் பதில் எழுதப்படவே இல்லை.

என் வாதம் சுருக்கமானது. இந்த எஞ்சினின் 'வடிவமைப்பு' 1949இல் முடிந்துபோன காரியம் அன்று. அதைப் பழுதுபார்த்த கைகள் அறுபது வருஷம் அதைத் தொடர்ந்து செய்து முடித்துக்கொண்டே இருந்தன. இன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கும் 'கிளாசிக்' என்கிற சொல், அந்தக் கைகளை வரலாற்றிலிருந்து அகற்றிய பிறகு ஒட்டப்பட்ட சொல்.

2

முதலில் பேர். இங்கிலாந்தின் ரெட்டிச், ஊசி செய்கிற ஊர். அங்கே ஊசித் தொழிலில் கிளம்பிய ஒரு நிறுவனம் சைக்கிளுக்கு மாறி, 1890களில் என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் செய்துகொடுக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றது. அந்தப் பெருமையில்தான் சைக்கிளுக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்று பேர் வந்தது. முத்திரை பீரங்கி. வாசகம், 'துப்பாக்கியைப்போலச் செய்யப்பட்டது'. 1857இல் எந்தத் துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்க மறுத்துச் சிப்பாய்கள் எழுந்தார்களோ, அந்தத் துப்பாக்கியின் பேரும் என்ஃபீல்டுதான். 1901இல் முதல் மோட்டார் சைக்கிள். 1932இல் 'புல்லட்' என்ற பேர். ஊசி, துப்பாக்கி, தோட்டா என்று போகிற இந்தப் பெயர் வரிசையில் சாம்ராஜ்யம் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டது என்பது துலக்கமாகவே தெரிகிறது.

இனி எஞ்சின். நாம் பேசும் வடிவம் 1948இல் முன்மாதிரியாக ஓடி, 1949இல் விற்பனைக்கு வந்தது. எஞ்சினை வரைந்தவர் டெட் பார்டோ. தலைமைப் பொறியாளராக இருந்தவர் டோனி வில்சன்-ஜோன்ஸ். பின்சக்கரத்துக்கு எண்ணெய் அடக்கிய அதிர்வுதாங்கிகளோடு ஆடும் சட்டம் அன்றைக்குப் பெரும் புதுமை. எஞ்சினோ பழைய வழியிலேயே போன ஒன்று. சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் பயணிக்கும் தூரம் 90 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 346 கன சென்டிமீட்டர். சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதன் தலை அலுமினியம். வால்வுகளைத் திறப்பவை இரண்டு நெடுங்குச்சிகள், பட்டறை மொழியில் 'புஷ் ராடு'. எண்ணெய்க்குத் தனித் தொட்டி வெளியே தொங்காது, எஞ்சின் கூட்டுக்குள்ளேயே ஓர் அறை. கிடைப்பது சுமார் 18 குதிரைத்திறன்.

விட்டத்தைவிட ஓட்டம் அதிகமான எஞ்சின் வேகமாகச் சுழலாது. ஆனால் மெதுவாகச் சுழலும்போதே இழுக்கும். அதோடு கனத்த சுழற்சக்கரம் உள்ளே இருப்பதால், ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவில் எஞ்சின் திணறி நின்றுவிடாது. நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் வெடிப்பு 450, நொடிக்கு ஏழெட்டு. மனிதக் காது ஒவ்வொன்றையும் ஏறக்குறையத் தனித்தனியாக உணரக்கூடிய இடைவெளி. 'புல்லட் சத்தம்' என்று நாம் சொல்வதன் இயற்பியல் இவ்வளவுதான். அழுத்த விகிதம் குறைவு என்பதால் மட்டமான பெட்ரோலையும் அது பொறுத்துக்கொண்டது. அடைப்பங்கரை ஓரத்து மண் சாலையில், பின்னால் ஒரு நெல் மூட்டையோடு, இரண்டாம் கியரில் ஊர்ந்துபோக இதைவிடத் தோதான எஞ்சின் அன்றைக்கு இல்லை. ரெட்டிச்சில் காகிதத்தில் கோடு இழுத்தவர்களுக்குக் காவிரிப் படுகை தெரிந்திருக்க நியாயமில்லை. எந்திரத்தின் பொருத்தம் அதன் ஊரில் தீர்மானமாவதில்லை, அது போய்ச் சேரும் ஊரில் தீர்மானமாகிறது.

3

அது இங்கே வந்தது ராணுவத்தின் முதுகில் ஏறி. எல்லைக் காவலுக்கு மோட்டார் சைக்கிள் தேடிய இந்திய அரசு ஐம்பதுகளின் தொடக்கத்தில் 350 புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. கே.ஆர்.சுந்தரம் ஐயர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் அதை இறக்குமதி செய்தது. 1955இல் ரெட்டிச்சும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவாயிற்று. அடுத்த ஆண்டே திருவொற்றியூரில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கினார்கள். முதலில் கப்பலில் வந்த பாகங்களை இணைக்கும் வேலை மட்டும். 1957இல் அச்சுகளையும் கருவிகளையும் ரெட்டிச் விற்றுவிட்டது. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. செம்பியத்தில் 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். என்று வடசென்னையைச் சுற்றி உதிரிப் பாகத் தொழில் வேர்விட்ட காலமும் அதுதான்.

இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. ரெட்டிச் தன் வண்டியை மாற்றிக்கொண்டே போயிற்று, மாற்றி மாற்றியே அழிந்தும் போயிற்று. 1967இல் ரெட்டிச் தொழிற்சாலைக்குப் பூட்டு. 1970-71இல் நிறுவனமே இல்லை. ஜப்பானிய வண்டிகளின் முன்னால் ஆங்கில மோட்டார் சைக்கிள் தொழில் மொத்தமும் சரிந்த காலம். திருவொற்றியூரிலோ ஏறக்குறைய 1955ஆம் ஆண்டு வடிவம் அப்படியே வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாயிற்று. எஜமானன் செத்துப்போன வீட்டுக்கு, அவன் மறந்துபோன சட்டையை வேலைக்காரன் துவைத்துத் தேய்த்து எடுத்துக்கொண்டு போன மாதிரி.

ஏன் மாறவில்லை? 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்காற்று) சட்டத்தின் கீழ் எதை, எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதற்கு உரிமம் வேண்டும். போட்டி சொற்பம். ராணுவமும் போலீசும் நிலையான வாடிக்கையாளர்கள், அவர்களுக்கு வேண்டியது பழகிய வண்டி. புதிய அச்சுக்குப் பணம் போட எந்த நெருக்கடியும் இல்லை. தாராளமயத்துக்குப் பிந்தைய பொருளாதாரச் சொல்லாடலில் இதற்குப் பேர் 'தேக்கம்'. உரிம ராஜ்யத்தின் மந்தபுத்திக்கு உதாரணம் கேட்டால் அம்பாசிடர் காரையும் புல்லட்டையும் காட்டுவார்கள். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. உரிம ராஜ்யம் ஏழைகளுக்காக நடத்தப்பட்டது என்று நானும் சொல்ல வரவில்லை.

ஆனால் இந்தத் தேக்கத்துக்கு யாரும் கணக்கெழுதாத ஒரு விளைவு இருந்தது. வடிவம் உறைந்து நின்றதால், அதைப் பற்றிய அறிவு காலாவதியாகவில்லை. 1970இல் பதினைந்து வயதில் பட்டறைக்கு வந்த பையன் கற்றுக்கொண்டது 2005இலும் அவனுக்குச் சோறு போட்டது. 1965ஆம் வருஷத்து வண்டியின் பாகம் 1985ஆம் வருஷத்து வண்டியில் ஏறக்குறையப் பொருந்தியது. ராணுவம் ஏலம் விட்ட வண்டிகளும் புதுப்பேட்டையின் பழைய இரும்பும் மாயவரத்துக் கடைசல் பட்டறைகளும் ஒரே எஞ்சினைச் சுற்றி ஒரு பொருளாதாரமாகவே சேர்ந்தன. முதலாளிக்குத் தேக்கமாக இருந்தது தொழிலாளிக்குச் சேமிப்பாக மாறிய விநோதம் இது. யாரும் திட்டமிட்டுக் கொடுத்ததல்ல, தவறிக் கிடைத்தது.

4

பட்டறைக்குள் போவதற்கு முன், அந்த வண்டியில் வந்தவர்கள் யாரென்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இது மெக்கானிக்குகளைப் பற்றிய அழகான பாட்டாகிவிடும்.

ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்த அதே ஆண்டுகளில்தான் தஞ்சைப் பண்ணையாட்களின் சங்கம் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக எழுந்து நின்றது. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததே தவிர, சட்டத்தைக் காட்டிக் கேட்டவனை நிலத்தைவிட்டு வெளியேற்றுவது நிற்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்கு முன்னாலிருந்த வருஷங்கள் கூலி நெல்லுக்கும் சங்கக் கொடிக்குமான போராட்டத்தின் வருஷங்கள். இந்தக் காலம் முழுக்க எங்கள் பக்கத்துக் கிராமங்களில் புல்லட் வைத்திருந்தவர்கள் இரண்டே வகை. ஒன்று போலீஸ், மற்றது மிராசுதார் வீட்டு வாரிசுகள். இரண்டுக்கும் ஒரே சத்தம். தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டதுமே தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வருவது யார் என்று பார்க்க வேண்டிய அவசியமில்லை. ஏழெட்டு வெடிப்புகள் கொண்ட ஒரு நொடியே போதுமான கட்டளை. அதிகாரம் கண்ணால் கண்காணிக்கிறது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். தஞ்சைச் சமவெளியில் மேடு கிடையாது, வயலுக்குக் குறுக்கே சத்தம் மைல் கணக்கில் போகும். இங்கே அதிகாரம் காதுவழியாகவும் கண்காணித்தது.

பிறகு காட்சி மாறியது. 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. ஐந்தாறு வருஷங்களில் கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் ஏதாவது ஒரு இருசக்கர வண்டி நிற்கும் நிலை வரத் தொடங்கிற்று. 1926 முதல் ஓடிய மாயவரம்-தரங்கம்பாடி ரயில் 1986இல் நிறுத்தப்பட்டபின் செம்பொன்னார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர்க்காரர்களுக்குச் சாலையை விட்டால் வேறு வழியில்லை. 1985இல் ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்.எக்ஸ். 100 எல்லாம் வந்து, லேசான, வேகமான, பெட்ரோல் குடிக்காத வண்டிகள் பெருகின. புல்லட்டின் உபயோகம் குறைந்தது. உபயோகம் குறையக் குறைய அடையாள மதிப்பு கூடியது. நிலத்தை விற்றவர்களும் புல்லட்டை விற்க யோசித்தார்கள். குலப்பெருமையின் கடைசிச் சாமானாக அது திண்ணை ஓரம் நின்றது.

5

நின்ற வண்டியை ஓட வைக்க யாரோ வர வேண்டும் அல்லவா?

எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்த பட்டறைகளில் வேலை கற்றுக்கொண்டவர்கள், நிலமில்லாதவர் வீட்டுப் பிள்ளைகள், முஸ்லிம்கள், கம்மாளர், தலித்துகள். நாற்று நடவுக்கும் கதிர் அறுப்புக்கும் போக விரும்பாமல், போனால் ஆண்டைக்குக் கீழ் என்ற காரணத்தாலேயே விரும்பாமல், இரும்புக்கு வந்தவர்கள் இவர்களில் பலர். நாற்பது வருஷம் புல்லட் மட்டுமே பார்த்த மெக்கானிக் ஒருவரிடம் வால்வு இடைவெளியை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டேன். "புஸ்தகத்துல நம்பர் தேடாதீங்க தம்பி. இஞ்சின் ஆறி இருக்கணும். குச்சியை ரெண்டு விரல்ல புடிச்சா லேசா சுத்தணும், மேல கீழ ஆடக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு" என்றார். சிலிண்டரின் அடியில் ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் அந்த இரண்டு குச்சிகளும் கைக்கு எட்டும். இதில் முக்கியமான விஷயம், ரெட்டிச்சின் கையேடும் இதையேதான் சொல்கிறது என்பது. அந்த இடத்தில் அளவுத் தகடு கேட்காமல் விரலைக் கேட்டது வடிவமைப்பு. அதாவது வரைபடத்திலேயே ஒரு கைக்கு இடம் விடப்பட்டிருந்தது. அந்தக் கையின் பேர் மட்டும் வரைபடத்தில் இல்லை.

இன்னும் உண்டு. தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க, பிளாட்டின் பாயிண்ட்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சிகரெட் தாளைச் சொருகி மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். தாள் எந்தக் கணத்தில் பிடி விட்டு நழுவுகிறதோ அதுதான் முனை பிரியும் கணம். மிதக்கும் புஷ் தேய்ந்து கனெக்டிங் ராடு தட்டினால், அதன் சத்தத்தை வைத்தே இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பார்கள். அதைக் கழற்றிக் கடைசலில் புதிதாகக் கடைந்து போடுவார்கள். சிலிண்டர் தேய்ந்தால் 'போர்' போட்டு, அடுத்த அளவு பிஸ்டன். வார்ப்பிரும்பு இப்படிப் பலமுறை குடைந்து கொடுக்க இசையும். அதன் நீண்ட ஆயுளுக்கு உலோகத்தின் இந்தக் குணம் பாதிக் காரணம், குடையத் தெரிந்தவர்கள் மீதிக் காரணம்.

உதைப்பதும் ஒரு கல்விதான். முதலில் சாவியைப் போட்டுவிட்டு ஆம்ப் மீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால் முள் ஒரு பக்கம் சாய்ந்திருந்து ஓரிடத்தில் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது கைப்பிடி பக்கம் இருக்கும் டிகம்ப்ரஷன் லிவரை இழுத்து, அடைபட்ட அழுத்தத்தை விட்டு, பிஸ்டனை ஒரு மயிரிழை உச்சி தாண்ட விட்டு, லிவரை விட்டுவிட்டு, முழு உடம்பின் எடையோடு ஒரே உதை. தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் பெயர்ந்துபோகும். ஊரே அஞ்சும் மனிதர் தெருவில் வேர்த்து விறுவிறுத்து உதைத்துக்கொண்டிருக்க, அக்குளில் ஸ்பேனரோடு நிற்கும் பையன் "நவுருங்கய்யா" என்று வாங்கி ஒரே உதையில் எடுத்துக் கொடுக்கும் காட்சி எங்கள் பக்கம் அபூர்வமானதல்ல. ஹெகலின் ஆண்டான்-அடிமை இயங்கியலைச் சொல்லித்தர வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. பொருளோடு மல்லுக்கட்டுகிறவனிடமே பொருளைப் பற்றிய அறிவு போய்ச் சேருகிறது, ஆண்டவன் அதைச் சார்ந்து நிற்கிறான். ஆனால் ஹெகலின் கதை அங்கே முடியலாம், எங்கள் ஊர்க் கதை முடியாது. வண்டியை எடுத்துக் கொடுத்த பையன் அந்த வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார முடிந்ததா என்று கேட்டால், முடியவில்லை. இரும்பு தந்த மரியாதை இரும்பு சம்பந்தப்பட்ட நேரத்துக்கு மட்டும்தான்.

அமெரிக்க மார்க்சியர் ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதிய நூலில், இருபதாம் நூற்றாண்டு முதலாளியம் வேலையைச் சிந்திக்கும் பகுதி, செய்யும் பகுதி என்று இரண்டாகப் பிளந்ததை விளக்கினார். சிந்தனை அலுவலகத்துக்குப் போகும், செய்கை தளத்தில் தங்கும், தளத்தில் இருப்பவரின் திறன் படிப்படியாக உறிஞ்சப்படும். தொழிற்சாலைக்கு இது பொருந்தும். பட்டறையிலோ இந்தப் பிளவு முழுமையடையவில்லை. நோயைக் கண்டறிவதும், வழியை யோசிப்பதும், பாகத்தைச் செய்வதும், பொருத்துவதும் ஒரே ஆளின் உடம்பில் நடந்தன. அதனால்தான் அதை 'அறிவு' என்று ஒப்புக்கொள்ள நம் படித்த வர்க்கம் தயங்கியது. ஜி.டி.நாயுடு இளவயதில் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்ட கதையை நாம் பாடத்தில் வைக்கிறோம். பிரித்துப் பூட்டியவர் தொழிலதிபரானால் மேதை, ஆகாவிட்டால் 'மெக்கானிக் பையன்'.

6

பட்டறைகள் பழையதைக் காப்பாற்றியதோடு நின்றுவிட்டன என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டீசல் புல்லட்டின் கதை இதற்குச் சாட்சி. பெட்ரோல் விலை எகிறிய எண்பதுகளில் வட இந்தியாவின் பட்டறைகளில் புல்லட்டின் சட்டத்துக்குள் சின்ன டீசல் எஞ்சின்களைப் பொருத்தத் தொடங்கினார்கள். தண்ணீர் இறைக்கவும் மின்சாரம் எடுக்கவும் செய்யப்பட்ட எஞ்சின்கள் அவை. வேகம் கிடையாது, உதறல் உண்டு, ஆனால் பால்காரருக்கும் விவசாயிக்கும் கட்டுப்படியானது. பிறகுதான் நிறுவனம் விழித்துக்கொண்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லொம்பார்டினி வடிவ 325 சி.சி. டீசல் எஞ்சினைப் போட்டு என்ஃபீல்டு இந்தியாவே 'டாரஸ்' என்ற வண்டியை விற்றது. வெறும் 6.5 குதிரைத்திறன், லிட்டருக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் 2000ஐ ஒட்டி அது மறைந்தது. அதை 'அறிமுகப்படுத்திய' பெருமை நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. முதலில் சட்டத்தை அறுத்து ஒட்டுப்போட்டவர்கள் பேர் எந்தக் கணக்கிலும் இல்லை.

7

இப்போது 'கிளாசிக்'.

1990இல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவின் 26 சதவீதப் பங்குகளை வாங்கியது. 1994இல் நிறுவனம் அவர்கள் கைக்கு முழுமையாகப் போய், பேரும் 'ராயல் என்ஃபீல்டு' என்று திரும்ப மாறியது. இந்தியா போய் 'ராயல்' வந்த வருஷம், தாராளமயத்தின் வருஷங்களில் ஒன்று என்பதைக் குறித்துக்கொள்ளலாம். 2000இல் மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நட்டம். சித்தார்த்த லால் பொறுப்பேற்று நிமிர்த்தினார் என்பது மேலாண்மைப் பள்ளிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் வெற்றிக் கதை. ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவன உதவியோடு அலுமினிய எஞ்சின் வந்தது. பிறகு கியர் பெட்டியையும் எஞ்சினையும் ஒரே கூட்டுக்குள் அடைத்த புதிய எஞ்சின் வந்தது. 2009இல் அது இந்தியச் சந்தையில் 'கிளாசிக்' என்ற பேரிலேயே இறங்கியது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் பழைய இரும்பு எஞ்சின் நின்றுபோனது.

புதிய 350 எஞ்சினிலும் 70, 90 என்ற அந்தப் பழைய அளவு மட்டும் தொடர்ந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் கார்புரேட்டர் போய், மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருள் பாய்ச்சும் முறை வந்தது. அதே வருஷம் வந்த அடுத்த தலைமுறை எஞ்சினின் அளவு 72, 85.8. வால்வை இயக்கும் கேம் சிலிண்டரின் தலைக்கே ஏறிவிட்டது, இரண்டு விரலில் சுற்றிப் பார்க்கக் குச்சி இல்லை. 2023இல் 'புல்லட் 350' என்று பேர் பொறித்த வண்டியும் அதற்கு மாறிற்று. 1949இன் கடைசி எலும்பும் அத்தோடு கழன்றது.

கவனித்துப் பாருங்கள். முன்பு தோற்றத்தில் அக்கறையில்லாமல் உள்ளுறுப்பு மாறாமலிருந்தது. இப்போது உள்ளுறுப்பு பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கொரு முறை மாறுகிறது, தோற்றம் மட்டும் ஐம்பதுகளில் நிறுத்திவைக்கப்படுகிறது. தோல் பழசு, குடல் புதுசு. தொட்டியின் தங்கக் கோட்டைக் கையால் இழுக்கும் தொழிலாளியின் கை விளம்பரப் படத்தில் வருகிறது, ஏனெனில் அது அழகு. எண்ணெய்க் கை வருவதில்லை. மார்க்ஸ் எந்திரத்தை இறந்த உழைப்பு என்றார், உயிருள்ள உழைப்பை உறிஞ்சித்தான் அது அசைகிறது. 'கிளாசிக்' என்பது அந்த உறிஞ்சலை மரபாக்கி விற்கும் பெயர். 2013இல் தொடங்கிய ஒரகடம் ஆலையில் 2018 செப்டம்பரில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே வாரங்களில் பக்கத்து யமஹா தொழிலாளர்களும் வெளியே இருந்தார்கள். ஊதியமும் சங்கம் வைக்கும் உரிமையும் கேள்வி. மரபைக் கொண்டாடும் புத்தகங்களில் 1932 உண்டு, 1949 உண்டு, 2018 செப்டம்பர் கிடையாது.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இன்று நடப்பது இதுதான். புதிய புல்லட் வந்தால் ஆயில் மாற்றுவார்கள், பிரேக் பார்ப்பார்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கணினிக் கருவி வேண்டும், அது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் இருக்கிறது. "வண்டி பேசுது தம்பி, ஆனா நமக்குப் புரியற பாஷையில பேசல" என்றார் அதே மெக்கானிக். பிரேவர்மன் சொன்ன பிளவு கடைசியில் பட்டறைக்கும் வந்துவிட்டது. சிந்தனை மென்பொருளுக்குள் பூட்டப்பட்டுவிட்டது, மிச்சமிருப்பது திருகாணி திருப்புகிற வேலை.

8

'இது பழமை ஏக்கம், வேறில்லை' என்று தோழர்கள் சொல்லக்கூடும். ஆகவே சிலவற்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பழைய எஞ்சின் புகைத்தது, ஒழுகியது, நிறுத்திய இடத்தில் எண்ணெய் வட்டம் போட்டது. புகை விதிகள் தேவையானவை. அந்தப் புகையை முதலில் குடித்தவர்களும் பட்டறைக்காரர்கள்தாம். பட்டறை ஒன்றும் சமத்துவபுரம் அல்ல. பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள் சம்பளமின்றி, அடியும் வசவும் வாங்கி அங்கே தொழில் படித்தார்கள். பெண்கள் உள்ளே கால் வைக்கவே இல்லை. சொல்லிக்கொடுக்காமல் மறைத்துவைக்கும் குருகுலப் புத்தி மேஸ்திரிகளிடமும் இருந்தது. இரும்பு எஞ்சினைத் திரும்பக் கொண்டுவா என்பது என் கோரிக்கை அன்று.

கோரிக்கை வேறு. எஞ்சின் புதிதாகட்டும், புகையில்லாமலாகட்டும். அதைத் திறந்துபார்க்கும் உரிமை எதற்காகப் பூட்டப்பட வேண்டும்? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசி, வீட்டுச் சாதனங்களோடு மோட்டார் வாகனங்களும் அதன் வரம்பில் இருந்தன. டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். அங்கே உரிமை நுகர்வோருடையதாகப் பேசப்படுகிறது, அதாவது வண்டி வாங்கியவருடையதாக. பழுதுபார்ப்பவரின் உரிமை என்று ஒன்று உண்டா? கையேடும் கருவியும் பயிற்சியும், ஆண் பெண் பேதமில்லாமல், ஆக்கூரில் பட்டறை வைத்திருப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்று எந்தச் சங்கம் கேட்கிறது? நிலமில்லாதவர்கள் நிலத்துக்கு வெளியே தாமாகக் கட்டிக்கொண்ட மிகச் சில அறிவுச் சொத்துகளில் ஒன்று இது. பத்திரம் இல்லாத சொத்து என்பதால் பறிபோவது சத்தமில்லாமல் நடக்கிறது.

நம்மால் உடனே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. இந்த மெக்கானிக்குகளில் மூத்தவர்கள் எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் எண்பதாம் கல்யாணம் செய்துவைக்கப் போவதில்லை. கும்பகோணம், மாயவரம், திருவாரூர், புதுப்பேட்டை என்று ஊர் ஊராகப் போய், அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே பதிவு செய்ய வேண்டும். யாரிடம் கற்றார்கள், எந்தச் சாதித் தெருவிலிருந்து வந்தார்கள், யார் வீட்டு வண்டியைப் பார்த்தார்கள், கூலி எவ்வளவு, எதை மாற்றிச் செய்தார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். புல்லட் எஞ்சினின் இரண்டாம் பாகம் அங்கேதான் இருக்கிறது. முதல் பாகத்தை ரெட்டிச்காரர்கள் எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள்.